கூனிக்கு எத்தனை கால்?

நூற்றாண்டு மலருக்கு உங்கள் வகுப்பின் சார்பிலும் ஒரு கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவியர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது, எங்களில் இன்னும் தொடர்பில் இருக்கும் ஆறு பேரும் தொலைபேசியில் கூடிப் பேசினோம். அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுதத் தகுந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். நாங்கள் ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தோம். அதிலும், கண்ணாடி அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருந்த ஒரு சிறிய போத்தலைப் பற்றி.

எங்களுக்குப் பின்னர் அந்த ஆய்வுகூடத்தில் படித்த பலருக்கு அந்தப் போத்தல் நினைவிருக்கும். மார்மைட் வந்த போத்தல் அது. உள்ளே போமலினில், விரல் நகத்தை விடச் சற்று நீளமான, வெளிறிப்போன, கூன் விழுந்த பிராணிகள் இருபதளவில் கிடக்கும். வெளியே ஒட்டிய தாளில் கறுப்பு மையால் இப்படி எழுதியிருக்கும்: 'அசிடீஸ். இனம்: ? பெற்ற இடம்: அட்டன் கடைத்தெரு. 1971.'

கடைத்தெருவில் பிடித்த கடற்பிராணியா என்று தங்கைமார் சிரித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்குறியை ஏன் இத்தனை வருடமாக ஒருவரும் அழிக்கவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் சொல்ல முயல்கிறோம்.

சரையில் வந்த பாடம்

நாங்கள் 1970இல் உயர்தர விஞ்ஞான வகுப்பில் சேர்ந்தோம். பதினொரு பேர். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள் எட்டுப் பேர். மற்ற மூவர் நகரத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள் விலங்கியல் படிக்கிறாள் என்பது அன்று ஒரு லயம் முழுவதும் பேசப்பட்ட செய்தி.

விலங்கியல் செயன்முறையில் ஓர் இறாலை எடுத்து அதன் தூக்கங்களை, அதாவது உணர்கொம்பு முதல் வால் விசிறி வரை சோடி சோடியாக உடலில் பொருந்தியிருக்கும் உறுப்புகளை, ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். இறாலுக்கு அப்படி 19 சோடி உண்டு. ஆனால் இறாலுக்கு எங்கே போவது? அட்டன் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஐஸ் வைத்து அனுப்பிய இறால் காலையில் வந்து சேர்ந்தபோது, பொதியைப் பிரிக்காமலே தோட்டத்து மூலையில் புதைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் விலங்கியல் டீச்சர் யாழ்ப்பாணத்தவர். அன்று வகுப்புக்கு வந்து, "பிள்ளையள், உங்கட வீட்டில கூனி இருக்கோ?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். அதற்கு முதற்பாடம் தமிழ். கைகேயியும் மந்தரையும் அப்போதுதான் எங்கள் வகுப்பை விட்டுப் போயிருந்தார்கள். "அந்தக் கூனியை இல்லை. சம்பலுக்குப் போடுறதைக் கேக்கிறன்" என்றார் டீச்சர்.

அந்தக் கூனி இல்லாத லயம் இல்லை. நெத்தலிக்கும் கைக்கு எட்டாத நாளில் கூனிதான். சம்பள நாளில் கடையில் சுண்டால் அளந்து சரையில் சுற்றித் தருவார்கள். வெறும் சட்டியில் வறுத்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்தால் ரொட்டிக்கு அதைவிட வேறு வேண்டாம். ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுபோன அதே பாதைதான் அரிசியையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்தது. கடலைக் கண்ணால் பார்த்திராத எங்கள் பாட்டிமாருக்கு, கடலிலிருந்து வந்து சேர்ந்தது அந்த ஒரு சரைதான்.

எட்டணாவுக்குக் கூனி வாங்கினோம். இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம். காலையில் அவை பருத்து, மெழுகுத் தாள் போல ஒளி ஊடுருவக் கிடந்தன. எங்களிடம் இருந்தது ஒரேயொரு பித்தளை நுணுக்குக்காட்டியும் நாலு கைவில்லைகளும். டீச்சர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தினை நடைகால்?"

இறாலும் நண்டும் பத்துக்காலிகள் என்ற வருணத்தைச் சேர்ந்தவை. ஐந்து சோடி நடைகால், ஆகப் பத்து. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எண்ணிப் பார்க்காமலே பத்து என்று எழுதிவிட்டோம். ஒருத்தி மட்டும் எழுதாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். "டீச்சர், ஆறுதான் இருக்கு" என்றாள். கருவாடுதானே, கால் ஒடிந்திருக்கும் என்றோம் நாங்கள். டீச்சர் இன்னொன்றை எடுக்கச் சொன்னார். அதிலும் ஆறு. இருபது கூனியை எடுத்து எண்ணினோம். இருபதிலும் ஆறு.

"ஒண்டில காணேல்லை எண்டால் ஒடிஞ்சது எண்டு சொல்லலாம். இருபதிலயும் காணேல்லை எண்டால் அது ஒடிஞ்சதில்லை. அதுதான் அதின்ர உடம்பு" என்றார் டீச்சர். ஐம்பது வருடம் கழித்தும் எங்களில் எவரும் மறக்காத பாடம் அது.

ஆறு கால் சொன்னது

இவ்வளவு சிறிய ஓட்டுடலியை இன்னதென்று அறிவது எப்படி? நிறம் மாறும், அளவு வயதோடு மாறும், காய்ந்தால் உருவமும் மாறும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மாறாத உறுப்புகளைத் தேடுகிறார்கள். எத்தனை சோடிக் கால், எந்தக் காலில் கொடுக்கு, செவுள் மூடியிருக்கிறதா வெளியே தெரிகிறதா, முட்டை எங்கே சுமக்கப்படுகிறது என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, பொருந்தாதவற்றை ஒதுக்கிக்கொண்டே போவார்கள். டீச்சர் தம் பல்கலைக்கழகக் கொப்பியிலிருந்து அந்தக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார்.

உடல் பக்கவாட்டில் தட்டையாகி, முதுகை மூடும் ஓடு இல்லாமல் இருந்தால் அது ஆம்பிபோடா. எங்கள் கூனிக்கு முதுகோடு இருந்தது. ஆகவே அது இல்லை. செவுள்கள் ஓட்டுக்குக் கீழே இறகு போல வெளியே தொங்கினால் அது கிரில். தென் துருவக் கடலில் திமிங்கிலம் தின்பது அந்தக் கூட்டத்தைத்தான். எங்கள் கூனியின் செவுள்கள் ஓட்டுக்குள் மூடியிருந்தன. நெஞ்சுக் கால் ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைத்து, பெண்ணின் நெஞ்சுக்குக் கீழே குஞ்சுகளைச் சுமக்கும் பை இருந்தால் அது மைசிட். மைசிட்டின் வால் விசிறியின் உட்சிறகுகளில் மணி போன்ற ஒரு வட்டம் பளிச்சென்று தெரியும். உடலைச் சமன்செய்ய உதவும் உறுப்பு அது. ஐந்து சோடி நடைகாலும் முழுதாக இருந்தால் அது ஏதாவதோர் இறாலின் குஞ்சு.

மூன்றே சோடி நடைகால், மூன்றின் நுனியிலும் வில்லை வைத்தால்தான் தெரியும் அளவுக்குச் சின்னஞ்சிறிய கொடுக்கு, நாலாம் ஐந்தாம் சோடிகள் இல்லவே இல்லை என்றால் அது அசிடீஸ். எங்கள் சரையில் பெரும்பாலானவை அதுவே.

பெரும்பாலானவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு மாலைக்குள் அதே சரையில் மைசிட் மூன்றும் இறால் குஞ்சுகள் ஏழும் கண்டுபிடித்தோம். கடைக்காரருக்கு எல்லாமே கூனி. வலையில் சேர்ந்து வந்தன, சேர்ந்து காய்ந்தன, ஒரே விலைக்கு விற்றன. விற்பவருக்கும் சமைப்பவருக்கும் அந்தப் பெயர் போதும். ஆனால் உள்ளே இருப்பது எது என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. அதைச் சொல்ல எண்ண வேண்டியிருந்தது.

அசிடீஸ் என்பது சாதிப் பெயர். அதற்குள் பல இனங்கள் உண்டு. இனத்தை அறிய இன்னும் நுட்பமான உறுப்புகளைப் பார்க்க வேண்டும். ஆணின் முதற்சோடி நீந்துகால்களில் இரண்டையும் இணைத்து நிற்கும் பெற்றாஸ்மா என்ற இனப்பெருக்க உறுப்பின் கிளைகள், ஆணின் சிறிய உணர்கொம்பின் கீழ்க்கிளையில் பெண்ணைப் பற்றிக்கொள்வதற்கான முள், வால்முனையின் வடிவம், வால் விசிறியில் உள்ள செம்புள்ளிகள். ஒரு பொட்டுக்குள் அடங்கும் பெற்றாஸ்மாவைச் சிதையாமல் ஊசியால் பிரித்து எடுத்தவள், முதலில் ஆறு கால் எண்ணிய அதே தோழிதான். கனடா பால்சத்தில் அதைப் பதித்து, பென்சிலால் வரைந்தும் வைத்தாள். ஆனால் கருவாட்டில் உணர்கொம்பு முறிந்திருந்தது. நிறம் ஒரு துளியும் மிஞ்சவில்லை. நாலு சாட்சியில் இரண்டு வாய் திறக்கவில்லை. "தெரிஞ்சது வரைக்கும் எழுதுங்கோ. தெரியாததுக்குக் கேள்விக்குறி போடுங்கோ. அது வெக்கமில்லை" என்றார் டீச்சர். போத்தலின் கேள்விக்குறி அப்படி வந்தது.

கப்பல்களும் நூல்களும்

அந்தப் பெயரின் வரலாற்றையும் டீச்சர் துண்டு துண்டாகச் சொன்னார். மீதியை நாங்கள் பின்னாளில் வாசித்து நிரப்பிக்கொண்டோம்.

அசிடீஸ் என்ற சாதிக்கு 1830இல் பெயர் வைத்தவர் ஆன்றி மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர். கங்கை கடலில் கலக்கும் இடத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து அசிடீஸ் இந்திக்கஸ் என்ற இனத்தை விவரித்தார். அவருடைய தகப்பனார் ஜமெய்க்காவில் தோட்ட முதலாளியாக இருந்த ஆங்கிலேயர்; மில்ன் எட்வர்ட்ஸ் அவருக்கு 27ஆவது பிள்ளை. கரும்புத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் உள்ள உறவு எங்களுக்குத் தெரியும் என்பதால் இந்தச் செய்தி எங்களுக்கு மறக்கவில்லை.

அடுத்தது ஒரு கப்பல். 1899 மார்ச் முதல் 1900 பெப்ரவரி வரை சிபோகா என்ற டச்சுப் பீரங்கிப் படகு இன்றைய இந்தோனேசியக் கடல்களில் ஆராய்ச்சிப் பயணம் செய்தது. தலைவர் மக்ஸ் வெபர். அவருடைய மனைவி அன்னா வெபர் வான் பொஸ்ஸெ கடற்பாசிகளில் வல்லுநர். அவரும் அந்தக் கப்பலில் சென்றார். 1910இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. நெதர்லாந்தில் அந்தப் பட்டம் பெற்ற முதற்பெண் அவர். சிபோகா அள்ளிவந்த சிற்றிறால்களைக் கொப்பன்ஹேகனில் இருந்து ஆராய்ந்த எச். ஜே. ஹான்சன் 1919இல் தம் நூலை வெளியிட்டார். அதில் ஓர் இனத்துக்குக் கப்பலின் பெயரையே சேர்த்து அசிடீஸ் சிபோகே என்று பெயரிட்டார். 1975இல் டோக்கியோவில் மக்கோட்டோ ஓமோரி உலகத்து அசிடீஸ் இனங்கள் அனைத்தையும் ஒரே நூலில் ஒழுங்குபடுத்தினார். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கனடாவில் ஒரு நூலகத்தில் வேலை செய்த காலத்தில் அந்த நூலைத் தேடி எடுத்துப் பார்த்தாள். கரும்பலகையில் டீச்சர் எழுதிய உறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன என்று எழுதினாள்.

இலங்கைக் கடலுக்கென்றும் ஒரு பயணம் உண்டு. மன்னார் முத்துக்குளிப்பு 1891க்குப் பிறகு பல வருடம் நடக்கவில்லை. அரசாங்கத்துக்கு வருமானம் போயிற்று. காரணம் அறிய லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902 தொடக்கத்தில் வரவழைக்கப்பட்டார். உதவிக்கு ஜேம்ஸ் ஹோர்னல் வந்தார். பின்னாளில் சென்னை மாகாண மீன்பிடித் துறைக்கு இயக்குநராக இருந்தவர் இவரே. லேடி ஹவ்லொக் என்ற நீராவிக் கப்பலில் முத்துப்பார்களின் மேலே வலை இழுத்தார்கள். சிப்பியைத் தேடிப் போட்ட வலையில் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்களும் வந்தன. 1903 முதல் 1906 வரை ரோயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக வெளியிட்ட அறிக்கையில், சிப்பியைப் பற்றியதோடு, இந்தச் சிற்றுயிர்களைப் பற்றித் தனித்தனி வல்லுநர் எழுதிய பகுதிகளும் உள்ளன. கொப்பிபோடாவை ஐசக் தொம்சனும் அன்ட்ரூ ஸ்கொட்டும் ஆராய்ந்தார்கள். ஆம்பிபோடாவை வோக்கர் ஆராய்ந்தார். இறால் வகைகளை எழுதிய ஜோசப் பியர்சன் பின்னர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளரானார். மைசிட்டுகளை எழுதியவர் வோல்டர் டட்டர்சல். அவர் 1943இல் காலமான பின்னர், பிரித்தானிய மைசிட்டுகளைப் பற்றி அவர் தொடங்கிய பெருநூலை மனைவி ஒலிவ் டட்டர்சல் முடித்து 1951இல் வெளிவரச் செய்தார். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் 1928 முதல் ஓட்டுடலிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரும் ஒரு பெண், இசபெல்லா கோர்டன். பெண் பிள்ளைக்கு எதற்கு விலங்கியல் என்று கேட்ட உறவினர்களுக்கு இந்தப் பெயர்களை நாங்கள் அன்றே அறிந்திருந்தால் நல்ல பதில் சொல்லியிருப்போம்.

எங்கள் மலைக்கு வந்த கடலாய்வாளர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். ஜெர்மானிய விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், 1864இல் கொப்பிபோடா வகைகளைப் பற்றி எழுதியவர். 1881 நவம்பரில் இலங்கைக்கு வந்து, வெலிகமையில் கடற்பிராணிகளைச் சேகரித்து, 1882 பெப்ரவரியில் நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஏறினார். சிற்றுயிர்களின் கால்களையும் கண்களையும் அவர் வரைந்த படங்கள் இன்றும் வியக்க வைக்கின்றன. ஆனால் அதே மனிதர் மனித குலத்தையும் உயர்ந்தது தாழ்ந்தது என்று படிவரிசையில் நிறுத்தி எழுதினார். பிற்கால விஞ்ஞானம் அதை ஒதுக்கித் தள்ளியது. கடலுயிரின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியவர், மனிதரின் முன்னால் எண்ணாமலே எழுதிவிட்டார். எண்ணாமலே பத்து என்று எழுதிய எங்கள் தவறும் அதே வகைதான், அளவுதான் வேறு.

அதே கடல்

ஹேர்ட்மன் வலை இழுத்த கடல் எங்களுக்கு அந்நியமானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் எங்கள் பாட்டன் பூட்டன்மார் இராமேசுவரம், பாம்பன் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1911 குடிசனக் கணக்கில் எங்களை 'இந்தியத் தமிழர்' என்ற தனித் தலைப்பில் எழுதினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் எங்கள் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரில்லை என்றாயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. எங்கள் வகுப்பில் இருந்தவர்களும் அந்தத் தொகைகளுக்குள் அடக்கம். எவரும் எங்கள் லயத்துக்கு வந்து, நீ எங்கே பிறந்தாய், எங்கே இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எண்ணியதாக எங்களுக்கு நினைவில்லை.

1972இல், பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது, ஆறு கால் எண்ணிய அந்தத் தோழியின் குடும்பத்துக்குப் பயணத் திகதி வந்தது. அட்டன் நிலையத்துக்கு வகுப்பு முழுவதும் போனோம். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு நாங்கள் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவள் வரைதற் கொப்பியைக் கையோடு கொண்டுபோனாள். பெற்றாஸ்மா பதித்த கண்ணாடித் தகட்டை மட்டும் டீச்சரின் கையில் கொடுத்து, "இது ஸ்கூலுக்கு, டீச்சர்" என்றாள். டீச்சர் அழுததை நாங்கள் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

செம்புள்ளி

அடுத்த வருடம் அவளிடமிருந்து இன்லன்ட் தாளில் அல்ல, கொப்பித் தாள் மூன்றில் நீண்ட கடிதம் வந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியிருக்கிறார்கள். மண்டபம் முகாமில் சில வாரம். இந்த மண்டபத்தில்தான், அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு வந்தவர்களைத் தடுத்து வைத்து நோய் பார்த்து அனுப்பினார்கள். 1947இல் தொடங்கிய இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் நெடுங்காலம் இங்கேதான் இருந்தது. பாட்டன் நின்ற வரிசையில் பேத்தி நின்றாள். மதிலுக்கு அப்பால் சிலர் இறாலின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முகாமில் இருந்தபோது ஒரு காலை அவள் கடற்கரைக்குப் போனாளாம். பெண்கள் ஈரக் கூனியை மணலில் பாய் விரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குனிந்து ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள். இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. "நம் போத்தலில் இருப்பது போல வெள்ளை இல்லை. கண்ணாடி மாதிரி. உணர்கொம்பு உடலைவிட நீளம். வால் விசிறியின் அடியில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. கருவாட்டில் காணாமல்போன சாட்சியை நான் பார்த்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாள். கீழே வண்ணப் பென்சிலால் படம். ஆறு கால், மூன்று சோடிச் சிறு கொடுக்கு, சிவப்புப் புள்ளி.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினோம். அன்றைக்கே போத்தலில் கேள்விக்குறியை அழித்துப் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அவள் அங்கிருந்து அனுப்பிய பரிசை அவள் பெயரால் போத்தலில் ஏற்றுவது போல எங்களுக்குத் தோன்றியது. டீச்சர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அவள் கண்டது மண்டபத்துக் கூனி. உங்கட போத்தலில இருக்கிறது எந்தக் கரையில பிடிச்சதெண்டு கடைக்காரருக்கும் தெரியாது. ஒண்டைக் கண்டு மற்றதுக்குப் பேர் வைக்கேலாது. அவளுக்கே அது பிடிக்காது" என்றார்.

அவர் சொன்னது சரி. பெயர் என்பது கையில் உள்ள அந்த உயிரைப் பார்த்து வைக்க வேண்டியது. அதைப் போல இருக்கும் என்று நினைத்து வைப்பதல்ல. எங்கள் மக்களுக்கு அப்படித் தொகையாக வைத்த பெயர்களின் விலையை அந்தக் கடிதத்தின் தபால் முத்திரையே சொல்லிக்கொண்டிருந்தது. கேள்விக்குறி அப்படியே இருந்தது. அவளுடைய படத்தைச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேலே மாட்டினோம். 'மண்டபம் கரை, 1972' என்று அவள் எழுதியிருந்த வரியோடு.

அவள் பின்னர் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டாள். கல்லூரிப் படிப்பைத் தொடர முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய மகள் இன்று உயிரியல் ஆசிரியை. எங்கள் பதினொரு பேரில் நால்வர் பல்கலைக்கழகம் சென்றோம், இருவர் தாதியரானோம், மூவர் ஆசிரியைகளானோம். இன்று கொழும்பு, கோயம்புத்தூர், டொரொன்டோ, லண்டன் என்று சிதறிக் கிடக்கிறோம். இலங்கையில் தங்கியவர்களின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதற்குள் எங்களில் இருவர் காலமாகிவிட்டார்கள்.

ஓடை நண்டு

போத்தல் இப்போது அலுமாரியில் இல்லை. ஆய்வுகூடத்தைப் புதுப்பித்தபோது எங்கோ போய்விட்டதாகச் சொல்கிறார்கள். கண்ணாடித் தகடு மட்டும் ஒரு சோக்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. சென்ற வருடம் போனபோது கண்டோம். பெற்றாஸ்மா இன்னும் சிதையவில்லை.

இன்றைய தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் கடற்பிராணியைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போனோம். உங்களுக்கு அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. தோட்டத்து ஓடையில் கல்லைப் புரட்டினால் ஓடுகிறதே, அந்த நண்டு. நாங்கள் சின்ன வயதில் நூலில் மண்புழு கட்டிப் பிடித்தது. அதுவும் ஓட்டுடலிதான். 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பேர் பிரிங்க் குழுவினர் வந்து சேகரித்தவற்றைப் பார்த்து, ரிச்சர்ட் பொட் என்பவர் மலைநாட்டு நண்டுச் சாதி ஒன்றுக்கு பேர்பிரிங்கியா என்று பெயர் வைத்தார். 1990களில் இருந்து பீட்டர் இங், மைக்கல் பாகிர் முதலியோர் ஆண் நண்டின் வயிற்றுக்குக் கீழே மடிந்திருக்கும் முதற்சோடி இனப்பெருக்கத் தூக்கத்தின் நுனியை ஒப்பிட்டு ஒப்பிட்டு, வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தவற்றைப் பிரித்தறிந்தார்கள். இன்று இலங்கையின் நன்னீர் நண்டுகளில் 50க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் கிட்டத்தட்ட அனைத்தும் வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. சில, ஒரே மலைச்சரிவின் ஓடைகளில் மட்டும் வாழ்பவை. தேயிலைக்கு அடிக்கும் மருந்து அந்த ஓடைகளில்தான் கலக்கிறது. நாம் எண்ணுவதற்கு முன்பே சில போய்விடக் கூடும்.

பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு நினைவாக ஆய்வுகூடத்துக்குப் புதிய நுணுக்குக்காட்டிகள் வாங்கித் தருவதாக அறிகிறோம். எங்கள் வகுப்பின் பங்கை நீலகிரியிலிருந்தும் சேர்த்தே அனுப்புகிறோம். அவற்றின் அருகே அந்தக் கண்ணாடித் தகட்டையும் வையுங்கள். தங்கைமார் அதைப் பார்த்துவிட்டு, தாங்களே எண்ணிப் பார்க்கட்டும்.